இருட்டறை மாப்பிள்ளைகள்

“மாப்பிள்ளைங்க இன்னைக்கும் முகம் கொடுக்க மாட்டேங்கிறாங்க” என்று பெருமூச்சு விட்டார் உதவியாளர். சிவப்பு விளக்கெரியும் இருட்டறையில் அவர் குனிந்திருந்தது நுண்ணோக்கியின் மேல்.

மாப்பிள்ளைகள் என்பது இதயத் தசை செல்களுக்கு அவர் வைத்த பெயர். உடம்புக்குள்ளேதான் இருக்கிறோம் என்று அவை நம்ப வேண்டுமென, தண்ணீர் ஊறிய ஜெல்லில் மெத்தை போட்டு, வெதுவெதுப்பான கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சீராட்டினார் ஆராய்ச்சியை நடத்தும் மேடம். சிவப்பைத் தவிர வேறு வெளிச்சம் பட்டால் அந்த ஜெல் இளகும். ஏழாம் நாள் ஒரே மூச்சாக ஒளி பாய்ச்சி மெத்தையை மென்மையாக்குவது அவர் திட்டம்.

மூன்று முறை அப்படிச் செய்தும் மாப்பிள்ளைகள் சுருண்டு படுத்துவிட்டார்கள். இந்த முறையும் துடிக்காவிட்டால் ஆராய்ச்சியையே மூடிவிடுவதாக இயக்குநர் சொல்லிவிட்டார். ஆறு வருட உழைப்பு. மேடத்துக்குச் சோறு இறங்கவில்லை.

ஜன்னலுக்குக் கறுப்புத் தாள், சாவித் துவாரத்துக்குப் பஞ்சு, உதவியாளரின் கைக்கடிகாரத்துக்குக்கூடத் தடை. வெளிவிளக்கை அணைத்த பிறகே யாரும் கதவைத் திறக்கலாம். அப்படியும் மனசு கேட்காமல், பாதி வழி போன மேடம் திரும்பி ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவதுண்டு.

ஆறாம் நாள் காலை, கதவுக்கு நேரே இருந்த தட்டில் மட்டும் ஜெல் இளகிக் கிடந்தது. யாரோ வெளிச்சத்தை விட்டிருக்கிறார்கள். மேடம் காவலாளியைக் கூப்பிட்டு, நடைபாதைக் கேமராவைப் பார்த்துவரச் சொன்னார்.

“யாரா இருந்தாலும் சரி, நாளையிலேர்ந்து அவருக்கு இங்க வேலை இல்லை.”

காவலாளி போன பிறகுதான் உதவியாளர் அந்தத் தட்டை நுண்ணோக்கியில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்து பார்த்தார்.

“மேடம், துடிக்குது.”

மாப்பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு ஒரே தாளத்தில் துடித்தார்கள். ஒரே மூச்சாக அல்ல, துளித்துளியாக வெளிச்சம் பட்டதில், வளரும் உடம்பைப் போலவே மெத்தை மெல்ல மெல்ல இளகியிருந்தது. மேடம் அழுதேவிட்டார்.

காவலாளி கையைப் பிசைந்தபடி வந்து நின்றார். வேலை போகாது, அந்தப் புண்ணியவானுக்குக் கோயிலே கட்டலாம், தைரியமாக ஆளைச் சொல்லுங்கள் என்றார் மேடம்.

“விளக்கை அணைக்காம எழுபது தடவை கதவைத் திறந்து, உள்ளே வெளிச்சம் வருதான்னு பார்த்தது நீங்கதான் மேடம்.”