லேப்டாப்புக்கு மூச்சிரைக்கிறது

மெத்தைமேல் கிடந்த லேப்டாப் மாவு மில் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. திரையில் ரேஸ் கார் ஒன்று சுவரில் முட்டியபடி உறுமியது. விளையாட வேண்டிய முத்துமாரியோ கையிலிருந்த செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே மாத மதியம். டெல்லி முனிர்காவின் அந்த மூன்றாம் மாடி அறையில் சுவரைத் தொட்டாலும் சுட்டது. பேச்சுத்துணைக்கு நாதியில்லை.

கதவைத் தட்டிக்கொண்டு வந்தவன் எதிர் அறை ஜெயசீலன், ஆராய்ச்சி மாணவன்.

"ஏங்க, இது லேப்டாப்பா, ஏரோப்ளேனா? ஒரு பக்கம் படிக்க முடியல. இன்னைக்குமா ஆபீஸ் லீவு?"

"ஆமா, லீவுதான். உங்களுக்கென்ன? எங்கப்பா போன் பண்ற நேரம். அவர் பேசி வெச்சதும் அணைச்சுக்கறேன்."

"அச்சா! இந்தச் சத்தத்துல அவர் பேசறது எப்படிங்க கேக்கும்? தள்ளுங்க."

"வேணாம். தொடாதீங்க!"

அவன் கேட்கவில்லை. உதவி செய்ய வருகிற ஆம்பளைகள் எப்போது கேட்டிருக்கிறார்கள்? லேப்டாப்பைத் தூக்கித் தரையில் வைத்து, நாலு மூலைக்கும் பாட்டில் மூடியை முட்டுக்கொடுத்தான். "மெத்தைல வெச்சா அடியில காத்து எங்க போகும்? வெந்துரும்" என்றபடி கேமையும் நிறுத்தினான். இரைச்சல் அடங்கியது.

"பாத்தீங்களா, எவ்ளோ அமைதி! ஒரு தேங்க்ஸ்கூடக் கிடையாதா?"

அவள் முறைத்த முறைப்பில் போய்விட்டான்.

அவள் அவசரமாக லேப்டாப் பக்கம் குனிந்தாள். அதே நேரம் போன் அடித்தது. சேலத்துப் பக்கம் செங்கல் சூளையிலிருந்து அப்பா குழந்தைசாமி, சாப்பாட்டு வேளையில், மேஸ்திரியின் போனில்.

"கண்ணு, சாப்ட்டியா? ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், சூளையில எல்லாரும் கேக்கறாங்க. ஏஞ்சாமி, இன்னைக்கு ஏசி சத்தத்தயே காணோம்? வேலைக்குப் போகலியா?"

"போனேம்ப்பா... இருங்க, இருமல்."

இருமிக்கொண்டே லேப்டாப்பை இழுத்து மெத்தையில் அழுத்தினாள். கேமை ஓடவிட்டாள். விசிறி வேகமெடுக்கும்வரை விடாமல் இருமினாள். பிறகு, அனல் வந்த பக்கமாகப் போனை நீட்டிப் பிடித்தாள். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.

"இப்பத்தான் போட்டாங்கப்பா. ரொம்பக் குளிருது."