பதினேழாவது கேள்வி

“ஏனுங்க, நான் வெளிய போகணுங்க,” என்று எழுந்துவிட்டாள் மதிவதனி.

தேர்வுக் கண்காணிப்பாளர் ஜெரால்டு கடிகாரத்தைப் பார்த்தார். ரிஸ்க் இன்ஸ்பெக்‌ஷன் சான்றிதழ் தேர்வு தொடங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

“உடம்புக்கு ஏதாச்சுங்களா அம்மணி?”

“இல்லீங்க.”

“இப்பப் போனா திரும்ப உள்ள விடமாட்டாங்க. பாஸானாத்தான் புரமோஷன்னு சொன்னீங்களே?”

அவள் முன்னிருந்த கணினித் திரையில் பதினேழாவது கேள்வி நின்றிருந்தது: ‘துருப்பிடித்த அம்மோனியா டேங்க். பத்து வருடமாகக் கசியவில்லை. எதிரே பள்ளிக்கூடம். ரிஸ்க் எவ்வளவு?’

“ஒரே கேள்வியில உக்காந்துதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. பதில் தெரியலைன்னா அடுத்ததுக்குப் போங்க.”

“பதில் தெரிஞ்சதுனாலதானுங்க போறேன்!”

வெளியே ஓடி, லாக்கரிலிருந்த போனை எடுத்து குளிர்பதன குடோன் சூப்பர்வைசரை அழைத்தாள்.

“பிரகாசண்ணா, காரமடை குடோன் டேங்க்ல அம்மோனியா நிரப்பறதை உடனே நிறுத்துங்ணா! நேத்து டேங்கைச் சோதிச்சுட்டு ரிஸ்க் கம்மின்னு நான் எழுதிக் குடுத்தது தப்பு. துருவைப் பாத்தேன், இதுவரைக்கும் கசிஞ்சதில்லையேன்னு உட்டுப்போட்டேன். எதிர்ல இருக்கற பள்ளிக்கூடத்தைப் பாக்கவே இல்லைங்ணா.”