பெரிய கிளாஸ்

"எஞ்சினில வேலை செஞ்சிருக்கு, நிக்கொலஸ். போன வருஷங்கள்ல என்ட கண்ணுக்குத் தப்பிட்டு. இது சின்னக் கிளாஸில ஓட ஏலாது" எண்டு சொல்லிக்கொண்டே இஸ்ஸதீன் போனெட்டை மூடினார். கடதாசியிலயும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நிக்கொலஸ் தலையைச் சொறிஞ்சான். "நான் ஒண்டும் செய்யல்லயே நானா. எனக்கு முந்தி வெச்சிருந்தவன் செஞ்சானோ தெரியா. நீங்க சொன்னா சரிதான்."

உப்பளத்துப் பக்கத்து றோட்டை மூடி, வருஷத்துக்கு ஒருக்கா நடக்கிற கிளப்பு ரேஸ் அது. ஆயிரம் சீசீ வரைக்கும் சின்னக் கிளாஸ். எஞ்சினைத் திறந்து ஓட்டம் கூட்டியிருந்தா, சின்னக் காரும் பெரிய கிளாஸுக்குப் போகணும். பார்த்துப் பிரிக்கிறது தில்லையடியில கராஜ் வெச்சிருக்கிற, எல்லாரும் அண்ணன் எண்ட முறையில 'நானா' எண்டு கூப்பிடுற இஸ்ஸதீன்தான். இருவது வருஷமா அவர்ட சொல்லுக்கு மறுசொல் இல்ல.

நிக்கொலஸிட எஞ்சினில ஒருத்தரும் கை வைக்கல்ல. அது இஸ்ஸதீனுக்கு நல்லாத் தெரியும்.

ஆனா அவர்ட மகள் ஃபர்ஸானாவைக் கட்டின முபாரிஸ், மூணு வருஷமா சின்னக் கிளாஸில நிக்கொலஸுக்குப் பின்னாலதான் வாறான். "இந்த முறையும் தோத்தா எனக்கு ரேஸே வேணாம் மாமா" எண்டு அவன் சொன்ன நேரம், அவன்ட முகத்தை இவரால பார்க்க ஏலாமப் போச்சு.

முபாரிஸ் கப் எடுத்தான். "அதானே பார்த்தன்! அந்த எஞ்சினாலதான் மூணு வருஷமும் என்னை அடிச்சிருக்கான்" எண்டு குதிச்சான்.

பெரிய கார்களோட ஓடின நிக்கொலஸ் கடைசி. இறங்கி வந்து, "காரைக் குறை சொல்ல ஏலா நானா, என்ட ஓட்டம்தான் காணாது" எண்டான்.

அந்தச் சொல்லுதான் இஸ்ஸதீனைக் கொன்னுபோட்டிச்சு. நாலு நாள் சோறு இறங்கல்ல. தொழுகையில நிண்டாலும் அந்தக் கடதாசிதான் கண்ணுக்கு முன்னால. வியாழக்கிழமை அஸர் தொழுதிட்டு முபாரிஸுக்குக் கோல் எடுத்தார்.

"மகன், கற்பிட்டிக்குப் போகணும். காரைக் கொண்டு வாறியா?"

"என்ட கார் இப்ப இல்ல மாமா. நாளைக்கு வந்து ஒண்டு காட்டுறன், நீங்க அசந்துபோவீங்க!"

இவன்ட விளையாட்டுக்கு இதுவா நேரம் எண்டு நெனச்சிட்டு, நிக்கொலஸிட ஊருக்கு பஸ் ஏறினார்.

நிக்கொலஸ் வீட்டில கார் நிக்கிற இடத்தில, அவன்ட மனுசி டொறத்தி வலை காயப்போட்டிருந்தா. "வாங்க நானா, இரிங்க" எண்டு கதிரையை இழுத்துப் போட்டா.

இஸ்ஸதீன் இருக்கல்ல. நிண்டபடியே கொட்டிட்டார்.

"உன்ட எஞ்சினில ஒரு வேலையும் செய்யல்ல தம்பி. மருமகன் வெல்லணும் எண்டு நான்தான் பொய் எழுதினன். அல்லாஹ்வுக்காக மன்னிச்சிரு. நாளைக்கே கிளப்புக் கமிட்டியில உண்மையைச் சொல்லிக் கப்பை உனக்கு எடுத்துத் தாறன்."

ஏசுவான் எண்டுதான் பார்த்தார். நிக்கொலஸ் வெளிறிப்போய் டொறத்தியைப் பார்த்தான்.

"கப்பு கிடக்கட்டும் நானா. உங்கட கதையை நம்பி, பெரிய கிளாஸ் எஞ்சின் எண்டு சொல்லி, நேத்து காரை ரெண்டு மடங்கு விலைக்கு வித்துட்டனே!"

இஸ்ஸதீன் கதிரையில இருந்துட்டார். இப்ப இன்னொருத்தன்ட பாவமும் தன்ட தலையிலயா?

"திறந்து பார்க்காமலா வாங்கினான்? எந்த மடையன் அவன்?"

நிக்கொலஸ் நிலத்தைப் பார்த்தான்.

"திறக்கத் தேவையில்ல, மாமா சொன்னாப் பிழை இருக்காது எண்டான் நானா... உங்கட முபாரிஸ்."