துணைக்கு வந்தவர்

"இவனை மாதிரி ஒரு குடிகாரனை நீங்க கண்டிருக்க மாட்டீங்க மேடம். வெட்கம் கெட்ட பய!"

தாணுமாலையன் போட்ட சத்தம் வெளியே காத்திருந்தவர்கள் காதிலும் விழுந்திருக்கும். அவ்வளவு பெரிய தொண்டை அந்த மனுஷனுக்கு.

கவுன்சிலர் மீரா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். இவர்கள் வர ஆரம்பித்த நாளிலிருந்து புதன்கிழமைதோறும் இதே கூத்துதான்.

திருவனந்தபுரத்தில் குடியை நிறுத்த ஆலோசனை சொல்லும் சின்ன கிளினிக் அது. படுக்கை கிடையாது. வாரம் ஒருமுறை பீஸைக் கட்டி, பேசிவிட்டுப் போகலாம். ஒரே ஒரு கண்டிஷன், 'பைஸ்டாண்டர்' வேண்டும். துணைக்கு வீட்டு ஆள் ஒருவர் கூடவே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்க வேண்டும். ஆள் வரவில்லையா, அன்றைக்கு ஆலோசனையும் இல்லை.

லிங்கராஜுக்குத் துணையாக வருபவர் அவன் அக்கா கௌசல்யாவின் புருஷன் தாணுமாலையன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அத்தான் கொத்தனார், மைத்துனன் அவருக்குக் கையாள்.

"காலையில எழும்பினதும் உடம்பு எப்படி இருக்கு லிங்கராஜ்?"

தலையைத் தொங்கப்போட்டிருந்த லிங்கராஜ் வாய் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"கை வெடவெடன்னு நடுங்கும் மேடம். டீ கிளாசைப் பிடிக்க முடியாது. வயித்தைப் பிரட்டும். கொஞ்சம் உள்ளே போனாத்தான் சாந்துக் கரண்டியையே தொட முடியும்."

"நான் அவர்கிட்ட கேட்டேன், கேட்டோ!" அந்த ஊர் வலியசாலையிலேயே பிறந்து வளர்ந்த மீராவுக்குக் கோபம் வந்தால் தமிழுக்குள் மலையாளம் வந்து குதித்துவிடும்.

"அவன் எங்க மேடம் உள்ளதைச் சொல்லப் போறான்?" தாணுமாலையன் சட்டைப் பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "குடிகாரன் இருக்கிற வீட்டுல இருக்க மாட்டேன்னு கௌசல்யா பிள்ளையைத் தூக்கிட்டு அவ அம்மை வீட்டுக்குப் போயிட்டா. நான் ஒத்தையில கிடந்து சாவுதேன். எல்லாம் இவனால!"

மீராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விட்டுவிட நினைத்து வருகிறவனை இப்படி மிதித்தால் அவன் எப்படித் தேறுவான்? நேரே மறுபடியும் கடைக்குத்தான் போவான்.

"லிங்கராஜ், அடுத்த வாரம் வேற யாரையாவது துணைக்குக் கூட்டிட்டு வாங்க."

"நானே சொல்லணும்னு இருந்தேன்!" தாணுமாலையன் எழுந்துவிட்டார். "இன்னையோட சரி. வேலையைப் போட்டுட்டு இங்க வந்து உட்கார எனக்கென்ன தலையெழுத்தா? உழைச்ச காசையெல்லாம் பீஸுன்னு இங்க கொண்டு கொட்டுதான், பைத்தியக்காரப் பய."

லிங்கராஜ் அரண்டுபோனான்.

"வேற ஆளு வேண்டாம் மேடம்! அத்தான்தான் வரணும். எவ்வளவு வேணும்னாலும் ஏசட்டும்."

இதென்னடா வம்பு! ஏசுகிறவர் போதும் என்கிறார், ஏச்சு வாங்குகிறவன் விடமாட்டேன் என்கிறான்.

"குடி குறைஞ்சிருக்குன்னு போன வாரம் நீதானலே சொன்னே? அப்புறம் எதுக்கு நான்?" தாணுமாலையன் கதவுப் பக்கம் திரும்பினார்.

"குறையலை அத்தான்." லிங்கராஜ் அவசரமாகக் குறுக்கிட்டான். "நேத்தும் குடிச்சேன்."

"எப்போ?" என்றாள் மீரா.

"சாயங்காலம். வேலை முடிஞ்சு வர்ற வழியில... கடையில வரிசை நின்னு வாங்கினேன்."

"பொய் சொல்லாதலே!" தாணுமாலையன் திரும்பி வந்து மேசையில் ஓங்கித் தட்டினார். "நேத்து ஒண்ணாந் தேதி! மாசம் பிறந்த அன்னைக்கு கேரளாவுல எவன் கடையைத் தொறந்தான்? குடிக்கிறவனுக்கு இதுகூடவா தெரியாது? முந்தின நாளே வரிசை நின்னு வாங்கி, அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்க வேண்டாமா?"

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

மேசைமேல் இருந்த அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வெடுக்கென்று அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

"கையை நீட்டுங்க லிங்கராஜ்," என்றாள் மீரா.

நீட்டினான். விரல்கள் அப்படியே நின்றன. நடுக்கம் மருந்துக்கும் இல்லை.

"நீங்க ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை, அல்லே?"

"அந்த வாடையே எனக்கு ஆகாது மேடம்." அவன் கண் நிறைந்துவிட்டது. "'நீ குடிகாரன், ஆஸ்பத்திரிக்கு வா'ன்னா அத்தான் வெட்ட வருவாரு. 'நான் குடிகாரன், துணைக்கு வா'ன்னேன், வந்துட்டாரு. நீங்க எனக்குச் சொல்லுகதெல்லாம் அவரு காதுலயும் விழுமுல்லா? அவரு திருந்தினாத்தான் அக்கா திரும்பி வருவா. இப்ப கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரே. நானே கெடுத்துட்டேனே மேடம்!"

மீராவுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. இத்தனை வாரம் இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்தும், யாருக்கு நோய் என்று தெரியாமல் போய்விட்டதே!

கதவு மெல்லத் திறந்தது. தாணுமாலையன்தான். அந்தப் பெரிய தொண்டை எங்கே போனதோ, குரலே எழும்பவில்லை.

"மேடம்... அடுத்த புதனுக்கு என் பேர்ல சீட்டு போட்டுட்டேன். பீஸும் கெட்டியாச்சு."

அப்புறம் மைத்துனன் பக்கம் திரும்பினார்.

"துணைக்கு வருவியாலே?"