உடைத்த டின்

“என்ன தம்பி கூத்து இது! நான் காசு குடுக்கிற டின்ன நீ ஏன் உடைக்கிறாய்?”

அன்னப்பூரணி போட்ட சத்தத்தில் உசனார் கிட்டங்கியில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று உசனார் ஹாஜியாருக்கு மூன்று கிட்டங்கிகள். கண்ணாடி அலுமாரி கிடையாது. லொறியில் வந்த மூட்டையும் பெட்டியும் அப்படியே தரையில் கிடக்கும். வேண்டியதை நாமே எடுத்துக்கொண்டு வாசல் மேசைக்கு வரவேண்டும். அதனால் விலை மலிவு. வாவிக்கு அக்கரையிலிருந்தும் சனம் ஆமிச் சோதனைச் சென்றி தாண்டி வந்து வாங்கும்.

வாசல் மேசையில் இருந்தவன் ஹமீட். அன்னப்பூரணி வைத்த பால்மா டின்னைக் கையில் எடுத்தவன், “அக்கா எந்தப் பக்கம்?” என்று கேட்டான்.

“அக்கரை, அம்பிளாந்துறை.”

சொன்னதுதான் தாமதம். கரண்டிக் காம்பால் மூடியைக் கிளப்பினான். உள்ளே இருந்த ஈயத்தாளைக் கிழித்தான். இரண்டு கரண்டி மாவை அள்ளித் தன்னுடைய தேத்தண்ணிக் கோப்பையில் போட்டுக் கலக்கினான்.

“என்ட மகள் புள்ளயப் பெத்துப்போட்டுப் பாலில்லாமக் கிடக்கிறாள். பச்சப்புள்ளட பாலைக் களவெடுக்கிறியே, அஞ்சு நேரம் தொழுற கையா இது?”

ஹமீட் வாசல் பக்கம் பார்த்தான். அங்கே அரிசி மூட்டையில் சாய்ந்தபடி ஓர் ஆள் பேப்பர் பார்த்துக்கொண்டு நின்றான். வந்த நேரம் தொட்டு அவன் ஒரு சாமானும் எடுக்கவில்லை.

“சொன்னாக் கேளுங்க அக்கா. இதையே கொண்டு போங்க” என்றான் ஹமீட், மெதுவாக.

“உன்ட எச்சில் டின் எனக்கு வேணாம்!”

அன்னப்பூரணி திரும்பிப் போய்ப் புது டின் ஒன்றை எடுத்து வந்தாள். காசை மேசையில் எறிந்துவிட்டு டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அடுத்து நின்றவள் அதே ஊர்க் கண்ணகை. அவளுக்கும் வீட்டில் கைக்குழந்தை. அதிர்ந்து பேசத் தெரியாதவள். ஹமீட் உடைத்த டின்னை அவள் பக்கம் தள்ளினான். அவள் காசை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் அன்னப்பூரணிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“அவன் அள்ளிக் குடிச்ச மிச்சத்த முழு விலைக்கு வாங்கித்து வாறாய். உன்னப்போல ஆக்கள் இருக்கக்குள்ள அவனுக்கென்ன குறை!”

கண்ணகை சிரித்துக்கொண்டே டின்னைப் பைக்குள் வைத்தாள்.

குருக்கள்மடத் துறையில் தோணி ஏறுமுன் சென்றி. சிப்பாய் பையைக் கொட்டி, அன்னப்பூரணியின் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இது புதுசு. உடைக்க இல்ல. யாருக்குக் கொண்டு போறது?”

“பேரப்புள்ளைக்கு ஐயா!”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்றது. காட்டில சண்ட பிடிக்கிற ஆக்களுக்குத்தான் போறது.”

டின் அவனுக்குப் பின்னால் கிடந்த குவியலில் போய் விழுந்தது. உறை பிரிக்காத சவுக்காரம், பற்றரி, பால்மா எல்லாம் அங்கே கிடந்தன. கெஞ்சியும் தரவில்லை.

கண்ணகையின் டின்னைத் திறந்தான். கிழிந்த ஈயத்தாளையும் கரண்டி அள்ளிய குழியையும் பார்த்தான்.

“இது வீட்டுல பாவிக்கிறது. சரி, போ.”

தோணியில் அன்னப்பூரணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“இதத்தான் செய்யிறன் எண்டு அவன் வாயத் திறந்து சொன்னா என்னகா?”

“வாசல்ல நிண்டவன் சாமான் வாங்கவா வந்தவன், அக்கா? கேட்டத ஆமிக்குச் சொல்ல வந்தவன்.”

சொல்லிவிட்டுக் கண்ணகை தன் சாப்பாட்டுப் பெட்டியைத் துடைத்து, பாதிப் பால்மாவை அதில் கொட்டி நீட்டினாள்.

“புள்ளைக்குக் கரைச்சுக் குடுங்க.”

அடுத்த மாதம் அதே கிட்டங்கி. அரிசி மூட்டையில் அதே ஆள், கையில் பேப்பர்.

அன்னப்பூரணி பால்மா டின்னை மேசையில் வைத்தாள். ஹமீட் தயங்கினான்.

“அடே கள்ளா! இண்டைக்கும் என்ட டின்னில அள்ளப்போறியா?”

வாசல்வரை கேட்கக் கத்திக்கொண்டே, கரண்டியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.