நீலக் கட்டம்

அவள் கணவர் பதினேழாவது தடவையாகப் பத்திரத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். பதினேழாவது தடவையும் கையெழுத்துப் போடாமல் மூடியிருக்கிறார். மணி, நிமிடம் முதற்கொண்டு போனில் பதிவாகியிருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கடைசி வரியைப் படிங்க சார்" என்றாள், எதிரே நாற்காலியில் இருந்தவரிடம். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை.

"படிச்சு முடிச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சும்மா."

விஷயம் இதுதான். அவளுடைய அக்காவுக்கு இரண்டு கிட்னியும் படுத்துவிட்டன. தங்கையான இவளுடையது பொருந்தியது. ஆஸ்பத்திரிக்காரர்கள் சம்மதப் பத்திரத்தை ஆன்லைனிலேயே அனுப்பிவிட்டார்கள். கிட்னி கொடுப்பவர் கையெழுத்துக்கு மஞ்சள் கட்டம். அவருடைய கணவரோ மனைவியோ சம்மதிப்பதற்கு நீலக் கட்டம்.

மஞ்சளில் அவள் விரலால் கிறுக்கிப் பத்து நாளாகிறது. நீலம் காலியாகவே கிடந்தது. இன்று ஐந்து மணிக்கு லிங்க் காலாவதி. அது போனால் ஆபரேஷன் தேதியும் போகும். தேதி போனால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

நீலக் கட்டத்துக்குச் சொந்தக்காரர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்த்த லிஃப்ட்டில் முதலில் தான் ஏறி, உச்சி மாடி வரை போய்த் திரும்பாமல், 'ஓட்டலாம்' என்று கையெழுத்துப் போடாத மனிதர். அந்த நிதானம் லிஃப்ட்டுக்குச் சரி. சாகக் கிடக்கிறவள் விஷயத்தில் எதற்கு?

எதற்கென்று அவளுக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நாலு பேர் நடுவில், அக்கா அவரை "எங்க வீட்டு ஸ்குரூ டிரைவர்" என்று சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு நின்றதுதான் இருவருக்கும் பேச்சு.

மனுஷர் இப்போது பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார். இந்தப் பத்து நாளில் மூன்று நாள், "சீக்கிரம் வேலை இருக்கு" என்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விடிந்ததும் கிளம்பிவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் அவள் கேட்டுவிடுவாள் அல்லவா? அவ்வளவு பயம்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். "இன்னும் ஒரே ஒரு நாள் டைம் கொடுங்க மேடம். எப்படியாவது அவரைப் போட வைக்கிறேன்."

அந்தப் பக்கம் இருந்த பெண் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க உங்க வீட்டுக்காரர்கிட்டயே பேசிடுங்களேன்."

ஊருக்கே தெரிந்துபோயிற்று என்று அவள் கூசிப்போனாள். நாலு இருபதுக்குப் போன் சிணுங்கியது. 'உங்கள் ஆவணம் மறுக்கப்பட்டது.'

மாட்டியிருந்த வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கடையை விட்டு இறங்கினாள். இரண்டு தெரு தள்ளி ஓர் அலுவலகக் கட்டடத்தில், திறந்து கிடந்த லிஃப்ட்டின் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து, அவர் கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மறுத்துட்டீங்களா?"

"ஆமா."

"ஒரு வார்த்தை சொன்னதுக்கு உசிரையா எடுப்பீங்க? அவ உங்களுக்கு அப்படி என்னங்க கெடுதல் பண்ணிட்டா?" லிஃப்ட்டுக்குக் காத்திருந்த இருவர் படிக்கட்டே மேல் என்று நடையைக் கட்டினார்கள்.

அவர் நிதானமாகக் கேட்டார். "உங்கக்காவுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

"யாருமில்ல. அதனாலதானே கொடுக்கறேங்கறேன்!"

"நீயும் பக்கத்துக் கட்டில்ல படுத்துட்டா அவங்களை யாரு தூக்கி உட்கார வைப்பா? வேளாவேளைக்கு மாத்திரை யாரு கொடுப்பா?"

"ஏன், நீங்க பார்த்துக்க மாட்டீங்களா?"

"நானா? எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே கிடையாதே."

இப்படி ஒரு கல்லுளிமங்கனோடு பதினாலு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறோமே என்று அவளுக்கு அழுகை வந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வலது கை விரலைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். பையிலிருந்து தன் போனை எடுத்து, அதில் எதையோ தேய்த்துவிட்டுத் திரும்பவும் பைக்குள் போட்டார். பெண்டாட்டி அழுகிற நேரத்தில் போன் பார்க்கிற மனுஷரை என்ன சொல்வது?

அடுத்த நொடி அவள் போன் சிணுங்கியது. 'புதிய ஆவணம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.'

நாலு ஐம்பது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மறுபடியும் அனுப்பியிருக்காங்க, புண்ணியவானுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கறேன். இந்தத் தடவையாவது நீலக் கட்டத்துல போட்டுடுங்க" என்று போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவர் புறங்கையால் அதை அவள் பக்கமே தள்ளினார்.

"நான் மஞ்சள்ல போட்டாச்சு. நீலத்துல நீ போடு."