இருபத்து மூன்றாவது தட்டு

வீடியோ வந்தபோது ஆபீஸ் பஸ் மாரத்தஹள்ளியையே தாண்டியிருக்கவில்லை.

நாகேஷ் முட்டியில் போட்டிருந்த பட்டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டு போனைக் கிட்டே பிடித்தான். ஆபரேஷன் மட்டும் ஆகாதிருந்தால் இந்நேரம் அவனும் காஷ்மீரில் இடுப்பளவு பனியில் நின்றிருப்பான்.

ஜாய்சன், வீணா, நோயல், அவன். பத்து வருடமாகப் பிப்ரவரி வந்தால் சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு மலையேறுகிற கூட்டம். இப்போது மற்ற மூவரும் நின்றிருந்தது 'சில்க் போர்டு' சரிவின் உச்சியில். பெங்களூரின் சில்க் போர்டு சிக்னல் நெரிசல் மாதிரியே, போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விடும் என்பதால் அவர்களாக வைத்த பெயர்.

வீடியோவில் ஜாய்சன் பனியில் குழி வெட்டி, ஓரத்தில் ஒரு தூண் மட்டும் தனியாக நிற்கும்படி அறுத்திருந்தான். அதன் தலையில் பனி அள்ளும் ஷவலை வைத்துத் தட்ட வேண்டும். மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் தூண் உடைகிறதோ, அவ்வளவுதான் சரிவின் பலம். சீக்கிரம் உடைந்தால், கால் வைத்த ஆளோடு பனி மொத்தமும் கிளம்பி வந்துவிடும்.

பதின்மூன்றாவது தட்டில் தூணின் மேல்பாதி மேஜை டிராயர் போல முன்னால் வழுக்கி வந்து விழுந்தது. உடைந்த இடத்தில் பனி ரவை ரவையாக உதிர்ந்தது.

"அன்னைக்கு இதே சரிவு இருபத்திமூணு தாங்கிச்சே. நான்தான் தூண சரியா அறுக்கல போல. என்ன குரு சொல்ற, எறங்கலாமா?" என்று கேமராவைப் பார்த்து நாகேஷைக் கேட்டான் ஜாய்சன்.

அன்னைக்கு என்றால் என்றைக்கு என்று அவர்களில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆறு வருடத்துக்கு முந்தைய அந்த ஒரு நாள்தான்.

மூன்று நாள் பனி கொட்டி, அறையிலேயே அடைந்து கிடந்து, நான்காம் நாள் வெயில் வந்தது. மறுநாள் பெங்களூருக்கு விமானம். ஒவ்வொருவராக அந்தச் சரிவில் இறங்கினார்கள். பலகைக்கு அடியில் சத்தமே இல்லை. கீழே வந்ததும் வீணா அழுதுகொண்டே சிரித்தாள். பையிலிருந்த கோடுபளே முறுக்கு கல்லாக உறைந்திருந்தது. அதையும் விடாமல் கடித்துத் தின்றார்கள். அப்படியொரு சந்தோஷம் அதற்குப் பிறகு நாகேஷுக்கு வாய்க்கவே இல்லை, கல்யாணத்தன்றுகூட. மனைவி சஹானாவுக்குத் தெரிந்தால் தொலைந்தான்.

ஆஸ்டின் டவுனில் நோயல் வீட்டு ஹாலில், ஏசு படத்துக்குப் பக்கத்தில் தொங்குவது அன்று எடுத்த போட்டோதான்.

'வேண்டாம்' என்று எழுதி அனுப்பினான்.

'ஊர்ல உக்காந்துக்கினு பொறாமையா? பலகைய மாட்டிட்டோம்' என்று ஜாய்சனிடமிருந்து பதில் வந்தது, சிரிக்கிற பொம்மையோடு.

பொறாமையும் இருந்தது. அது அவர்களுக்கும் தெரியும். வெறும் 'வேண்டாம்' எடுபடாது.

அன்று தட்டியதும் எண்ணியதும் நாகேஷ். மற்றவர்கள் பத்தடி தள்ளி பிளாஸ்க் டீயைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணுகிறவர் சொல்வதுதான் எண்ணிக்கை, யாரும் சரிபார்ப்பதில்லை. முதலில் இறங்குகிறவர் அதை நம்பித்தான் இறங்குகிறார்.

பஸ் கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. சொல்லிவிட்டால் அந்த நாள் நான்கு பேருக்கும் இல்லாமல் போய்விடும். ஆனாலும் எழுதினான்.

'அன்னைக்கும் பதிமூணுதான். எறங்கியே ஆகணும்னு இருந்துச்சு. மாத்திச் சொல்லிட்டேன்.'

மூன்று பேரும் படித்துவிட்டதாகக் காட்டியது.

'திரும்புறோம்' என்று வீணா எழுதினாள்.

வைட்ஃபீல்டில் பஸ் நின்று, எல்லோரும் பையை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் ஜாய்சனிடமிருந்து வந்தது.

'அன்னைக்கு மொதல்ல எறங்கினது நான், நாகேஷ்.'